இடுப்புக்கு ஒன்பது மாதம்

என் வலது இடுப்பின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "முழுசா தேஞ்சு போச்சும்மா, மாத்திடலாம்" என்று எலும்பு டாக்டர் சொன்னபோது எனக்கு ஐம்பத்தேழு வயது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். உட்கார்ந்து பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சில் என்ன நடக்கிறது என்று தெரியாது என்பதற்காக நின்றே தீர்த்தவள். அந்த இடுப்பு தேயாமல் என்ன செய்யும்? பழைய மூட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தால் சில வாரங்களில் வலியில்லாமல் நடக்கலாம் என்றார் டாக்டர். "நாளைக்கே வெச்சுடுங்கோ" என்றேன். பக்கத்தில் இருந்த இவர், "ஆடி மாசமாச்சே" என்றார்.

இவர் என்றால் என் கணவர். அரசாங்க ஆபீஸில் பைல் பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பாக்கெட் பஞ்சாங்கம் இருக்கும். எங்கள் மந்தைவெளி வீட்டில் புது விளக்குமாறு வாங்கினால்கூட ராகு காலம் கழிந்துதான் உள்ளே வரும். டாக்டர் அடுத்த வியாழக்கிழமை தோதுப்படும் என்றார். இவர் அங்கேயே பஞ்சாங்கத்தைப் பிரித்து, "அன்னிக்கு அஷ்டமி வேற" என்று உதட்டைப் பிதுக்கினார். ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்த நாள் என்று முடிவாயிற்று. டாக்டருக்கு இப்படிப்பட்டவர்கள் பழக்கம் போலிருக்கிறது. மறுபேச்சில்லாமல் டைரியில் எழுதிக்கொண்டார்.

ஆவணி பிறக்க ஒரு வாரம் இருந்தது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவர்கள் வாசலைத் தாண்டினதுமே அவர்களை நடித்துக் காட்டுவேன். முதல் நாள் தி. நகரிலிருந்து இவருடைய அத்தை பெண் வந்திருந்தாள். வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, வாயை வலப்பக்கம் இழுத்து இழுத்துப் பேசுவாள். மறுநாள் காலை நான் காபி டம்ளரோடு கூடத்துக்கு வந்து, "இந்தாங்கோ" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் வலப்பக்கம் போயிற்று. வார்த்தை கொழகொழவென்று வந்தது. இவர் செய்தித்தாளை மடியில் போட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அச்சு அசல் அவளேதான்! எங்கே, இன்னொரு தடவை பண்ணு!" என்றார்.

நானும் இன்னொரு தடவை முயன்றேன், "ஏன்னா, எனக்கு என்னமோ பண்றது" என்று சொல்வதற்கு. அதற்கும் சிரித்தார். அப்புறம் இடது கையிலிருந்து டம்ளர் நழுவிக் காபி அவர் வேட்டியில் கொட்டியது. அப்போதுதான் அவர் முகம் மாறியது.

பக்கவாதம். சின்னதுதான் என்றார்கள். யாருக்குச் சின்னது என்று கேட்க எனக்கு நாக்கு புரளவில்லை. பேச்சு ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது. கால் ஒரு மாதத்தில் தேறியது. இடது கை மட்டும் கொஞ்சம் சோம்பேறியாகவே இருந்தது. வாயும் சிரித்தால் மட்டும் லேசாகக் கோணும். சும்மா இருந்தால் தெரியாது.

நரம்பு டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, இடுப்பு ஆபரேஷன் எப்போது என்பதுதான். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார்.

"ஸ்ட்ரோக் வந்த மூளை இன்னும் பச்சைப் புண்ணும்மா. ஆபரேஷன்ல ரத்தம் போகும், பி.பி. ஏறி இறங்கும். ரத்தம் கட்டாம இருக்க நான் குடுக்கற மாத்திரையையும் நிறுத்தச் சொல்லலாம். இப்பவே பண்ணினா இன்னொரு ஸ்ட்ரோக் டேபிள்லயே வரலாம். அது சின்னதா இருக்கும்னு நான் உத்தரவாதம் தர முடியாது. எலும்பு முறிஞ்சிருந்தா வேற வழியில்ல, உடனே பண்ணுவோம். இது தேய்மானம், காத்திருக்கும். குறைஞ்சது ஆறு மாசம். ஒன்பதுன்னா எனக்கு நிம்மதி."

"ஒன்பதே இருக்கட்டும் டாக்டர்" என்றார் இவர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஆடியாவது மண்ணாவது! அந்த வியாழக்கிழமையே பண்ணிண்டிருந்தா இந்நேரம் புது இடுப்போட கோவில் குளத்தைச் சுத்திண்டிருப்பேன்."

"அந்த வியாழக்கிழமை பண்ணியிருந்தா உள்ள இருந்த கோளாறு டேபிள்லயே வெடிச்சிருக்கும். பஞ்சாங்கம்தான் உன்னைக் காப்பாத்தித்து."

இந்த வழக்கில் இரண்டு பேரும் ஜெயிக்க முடியாது என்பது தெரிந்தும் தினமும் ஒருமுறை வாதாடினோம்.

வலியை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் போனது வேறு. வலது இடுப்பு கெட்டவர்கள் தடியை இடது கையில் பிடிக்க வேண்டும். எனக்கு இடது கைக்குத் தடி பிடிக்கத் தெம்பில்லை. ஆகவே எங்கே போனாலும் இவர் தோள்தான் தடி. எங்கே போனாலும் என்றால் பாத்ரூமுக்கும்தான். இவர் கொத்தனாரைக் கூப்பிட்டு வெஸ்டர்ன் வைத்துக் கொடுத்துவிட்டார், குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் என்னை அதில் உட்கார வைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "ஆச்சா?" என்று நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்பார். முப்பது வருஷம் ஆயிரம் பெண்களை ஒரு பார்வையில் அடக்கியவளுக்கு இது என்ன தலையெழுத்து! ஒருநாள் அங்கேயே அழுதுவிட்டேன். இவர் சுவரைப் பார்த்தபடியே, "வலிக்கறதா?" என்றார். வலியில்லை, வெட்கம் என்று எப்படிச் சொல்வது? எனக்கு ஒரு கதவு வேண்டும், அதற்குள் நான் தனியாக இருக்க வேண்டும், அதற்கு அந்தப் புது இடுப்பு உடனே வேண்டும். டேபிளில் போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் ஒன்பது மாதம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. யார் வந்து விசாரித்தாலும், "இது ரெண்டாம் மாசம்", "இது மூணாம் மாசம், புளிப்பா ஏதாவது குடுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது நான் ஒரு திருட்டுக்குத் திட்டம் போட்டேன். கூட்டாளி கீழ்வீட்டுக்காரி. அவள் வீட்டுக்காரருக்கு மெத்தை தைக்கும் கடை. வீட்டில் உருதுவும் என்னிடம் தமிழும் பேசுவாள். நான்கு வீடு கேட்கும்படி சிரிப்பாள். அடையாறில் ஒரு நர்சிங் ஹோமில் இடுப்பு மாற்றுகிறார்கள் என்று துப்பு கொண்டுவந்தவள் அவள்தான். பிரதோஷத்தன்று இவர் நாலு மணிக்குக் கோவிலுக்குப் போனால் சுண்டலோடு திரும்ப ஏழு மணியாகும். தலை போகிற காரியமானாலும் பிரதோஷம் தவறமாட்டார். என் பைலில் இருந்து இடுப்பு எக்ஸ்ரேயை மட்டும் உருவிக்கொண்டேன். மூளை ஸ்கேன் படம் மெத்தைக்கு அடியில் சமர்த்தாகப் படுத்திருந்தது.

முதல் பிரதோஷத்தில் அந்த டாக்டரைப் பார்த்தோம். பக்கவாதம் பற்றி நான் மூச்சு விடவில்லை. நடை நொண்டலாக இருந்தது. அதற்கு இடுப்புதான் இருக்கிறதே, பழியைத் தூக்கி அதன்மேல் போட்டேன். அவரும் நம்பினார். "அடுத்த தடவை மயக்க மருந்து டாக்டரைப் பாத்துட்டு தேதி வெச்சுக்கலாம்" என்றார். ஆட்டோவில் ஏறியதும் இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டோம்.

இடையில் ஒத்திகை நடந்தது. கீழ்வீட்டுக்காரி எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பாள். "சிரிக்காதீங்க டீச்சரம்மா. சிரிச்சீங்கன்னா வாய் காட்டிக் குடுத்துரும். உம்முன்னு இருங்க." உம்மென்று இருப்பதில் எனக்குப் பயிற்சியா வேண்டும்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். என் கோணல் வாயைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். கடைசியில் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுவோம்.

இரண்டாம் பிரதோஷத்தன்று கார்த்திகை மழை கொட்டித் தீர்த்திருந்தது. ஆட்டோக்காரர் நர்சிங் ஹோம் வாசலில் நிறுத்தி, "இன்னாம்மா, பாத்து எறங்கு. பள்ளம் கீது, தண்ணில தெரில" என்றார். ஒருபக்கம் கீழ்வீட்டுக்காரி, ஒருபக்கம் அவர், நடுவில் நான். இப்படியாக எழுந்தருளினேன்.

மயக்க மருந்து டாக்டர் ஒரு சின்னப் பெண். என் கடைசி பேட்ச் பெண்களுக்கு அக்கா மாதிரி இருப்பாள். இவளா என்னைக் கண்டுபிடிக்கப் போகிறாள் என்று தெம்பாக உட்கார்ந்தேன்.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"பி.பி.க்கு ஒண்ணு."

"வேற?"

"வேற ஒண்ணும் கிடையாது."

வாயைத் திறக்கச் சொன்னாள், நாக்கை நீட்டச் சொன்னாள், கழுத்தை ஆட்டச் சொன்னாள். முன்கையில் நீலமாக ஒரு கன்றல் இருந்தது, ரத்தம் கட்டாமலிருக்க நான் சாப்பிடும் மாத்திரையின் உபயம். அதையே இரண்டு விநாடி பார்த்தாள். பிறகு மிகவும் சாதாரணமாக, "ரெண்டு கையையும் நேரா முன்னாடி நீட்டுங்க. உள்ளங்கை மேல பாக்கட்டும். கண்ணை மூடிக்குங்க" என்றாள். நீட்டினேன். மூடினேன். பள்ளிக்கூட டிரில்லில் பிள்ளைகள் நீட்டுவது போல இரண்டு கையையும் விறைப்பாக வைத்திருந்தேன். எனக்கு நன்றாகத் தெரியும், இரண்டும் சமமாகத்தான் இருந்தன.

"இப்ப கண்ணைத் திறங்க."

திறந்தேன். வலது கை இருந்த இடத்தில் இருந்தது. இடது கை என் மடியருகே வந்து, புரண்டு, தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ கீழே இழுத்து வைத்ததுபோல் இருந்தது. அது இறங்கியது எனக்குத் தெரியவே தெரியாது. அவளிடம் பொய் சொல்லத்தான் வந்தேன். என் கை என்னிடமே பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"எப்போ?" என்றாள்.

"எது எப்போ?"

"ஸ்ட்ரோக்."

பரீட்சை ஹாலில் தாவணி முந்தானையிலிருந்து பிட்டை எடுத்து மேஜைமேல் வைப்பேனே, அப்போது அந்தப் பெண்கள் கீழே பார்ப்பார்கள். அப்படித்தான் நானும் பார்த்தேன். "ஆடி மாசம்" என்றேன்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. நாலு மாசம்கூட முடியல. நீங்க படிச்சவங்கதானே? உங்களுக்கு நான் மருந்து குடுத்தா பி.பி. இறங்கும். மத்தவங்க மூளை அதைச் சமாளிச்சுக்கும். உங்களோடது இன்னும் கத்துக்கல. ஆபரேஷன் நல்லா முடியும்மா. புது இடுப்பு இருக்கும், எழுந்து நடக்க ஆள் இருக்காது. அப்புறம் என் பேரைச் சொல்லி உங்க வீட்டுக்காரர் அழணுமா?"

கூட வந்தவரைக் கூப்பிடுங்கள் என்றாள். அல்லா மேல் ஆணையாக வாயே திறக்கமாட்டேன் என்று சொல்லியிருந்த கீழ்வீட்டுக்காரி, டாக்டர் "உட்காருங்க" என்று சொல்வதற்குள் பிரதோஷம், பைல், மெத்தைக்கு அடியில் ஸ்கேன் வரை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டாள். ஒத்திகை பார்த்ததையும் விடவில்லை.

வீடு திரும்பினால் இவர் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். மழையால் சாமி புறப்பாடு சுருக்கமாக முடிந்துவிட்டதாம். கூடத்தில் என் பைல் பிரிந்து கிடந்தது. கீழ்வீட்டுக்காரி, "அடுப்புல பால் வெச்சுட்டு வந்தேன்" என்று மாயமானாள். மூன்று மணி நேரமாக எந்தப் பால் அடுப்பில் இருக்கும்?

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம், வாகாக இருக்கும். இவர் கத்தவில்லை.

"எத்தனை தடவை போனேள்?"

"ரெண்டு."

"தேதி வெச்சாச்சா?"

"இல்லை. கண்டுபிடிச்சுட்டா."

பிரிந்து கிடந்த பைலை மூடிக் கட்டினார். அப்புறம், "நான் சிரிச்சேண்டி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்குக் கார்த்தால. உனக்கு வாய் கோணிப் போறது, நான் சிரிச்சுண்டு உக்காந்திருந்தேன். இன்னொரு தடவை பண்ணுன்னேன். அப்பவே எழுந்து ஓடியிருந்தா கை முழுசா திரும்பியிருக்குமோ என்னமோ. தினமும் இதேதான் மண்டைக்குள்ள ஓடிண்டிருக்கு. நீ என்ன வேணா திட்டு. இன்னும் ஒரு தப்பு என்னால தாங்க முடியாது."

இத்தனை மாதமாக அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது என் வெட்கத்துக்காக மட்டும் இல்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. "நானும் நல்லாத்தான் நடிச்சிருக்கேன்னு அர்த்தம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "சரி, ஒன்பது மாசம். இனிமே எங்கேயும் போகலை" என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். வலது கையால்தான்.

சொன்னால் சொன்னபடி இருந்தேன். வாய் மட்டும் அடங்கவில்லை. அஞ்சாம் மாசம், ஆறாம் மாசம் என்று எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கீழ்வீட்டுக்காரி ஒரு தாம்பாளத்தோடு வந்தாள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள், கடையில் வாங்கிய புளியோதரை, தயிர் சாதம், எலுமிச்சை சாதம். "ஏழாம் மாசம் வந்துருச்சே டீச்சரம்மா. எங்க பக்கம் செய்யறது வேற. உங்க பக்கம் எப்படின்னு எனக்குத் தெரியாது. தப்பா செஞ்சா திட்டாதீங்க" என்று என் இடது கையைப் பிடித்து வளையலை ஏற்றினாள்.

கல்யாணமான முப்பத்து நாலு வருஷத்தில் ஊரில் எத்தனை வளைகாப்புக்குப் போயிருப்பேன்! குழந்தை இல்லாதவள் என்று என்னை ஓர் ஓரமாகத்தான் உட்கார வைப்பார்கள். எனக்கென்று ஒருத்தி வளையல் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். இவர் பால்கனிக்குப் போகவில்லை. தட்டு கொண்டுவந்து மூன்று சாதத்தையும் மூன்று பேருக்கும் பரிமாறினார். புளியோதரையில் உப்பு அதிகம் என்று ஒரு குற்றமும் சொன்னார். வளையல்களைக் கழற்றமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, அவை உடையாமல் இருக்கவேண்டுமே என்று இடது கையை ஜாக்கிரதையாகத் தூக்கித் தூக்கி, அந்தக் கைக்கு அதுவே பயிற்சியாகிவிட்டது.

ஒன்பது முடிந்தது. நரம்பு டாக்டர் கையை நீட்டச் சொல்லிக் கண்ணை மூடச் சொன்னார். இந்தத் தடவை இடது கை கொஞ்சம்தான் தாழ்ந்தது. பி.பி. ஒழுங்காக இருந்தது. மாத்திரையை எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று இரண்டு டாக்டர்களும் போனில் பேசி எழுதிக் கொடுத்தார்கள். எலும்பு டாக்டர் சித்திரைக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொன்னார். நான் இவர் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை அங்கே போகவில்லை. "அவர் சொல்ற நாள்தான் நாள்" என்றார். ஆபரேஷன் அன்று மட்டும் வெளியே உட்கார்ந்து, தெரிந்த சுலோகம் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டுத் தெரியாததையும் சொன்னதாகக் கீழ்வீட்டுக்காரி பிறகு சொன்னாள்.

நான் கண் விழித்ததும் நர்ஸ் இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். பேர் சொல்லச் சொன்னாள். சொன்னேன். தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து, வாக்கர் பிடித்து நடக்கப் பழகி, ஒருநாள் காலை இவர் தோளைக் கொண்டுவந்தபோது, "நானே போய்க்கறேன்" என்றேன். போனேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். அடேயப்பா, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது! ஒருவரும் இல்லை. அவசரம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, சன்னல் வழியாக வந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"ஆச்சா?" என்று வெளியே குரல் கேட்டது.

பதில் சொல்லவில்லை. ஒன்பது மாதம் என்னைப் படுத்தினதுக்குக் கொஞ்சம் தவிக்கட்டுமே என்று ஒரு குறும்பு.

"ஏண்டி, ஆச்சா?"

வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏதாவது பேசேன்."

பேசவில்லை. வெளியே சத்தமே இல்லை. அப்புறம் கதவில் ஏதோ சாய்ந்த சத்தம். அவர் குரல் மறுபடி வந்தபோது அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"பேசுடி. எனக்கு வேற யாரு இருக்கா?"

"இருக்கேன்னா! இங்கேதான் இருக்கேன்!" என்று கத்தினேன். எழுந்து, கம்பியைப் பிடித்து, தாழ்ப்பாளை இழுத்தேன், இரண்டு கையாலும். கதவைத் திறந்தால் இவர் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெந்நீர் போடட்டுமா?" என்றார்.

அதற்குப் பிறகு நான் தாழ்ப்பாள் போட்டதில்லை. கதவைச் சாத்திக்கொள்வதோடு சரி. உள்ளே இருக்கிற நேரம் முழுக்கக் கத்தரிக்காய் விலை, கேபிள்காரன் வராதது, எதிர்வீட்டுச் சண்டை என்று வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே இருப்பேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து 'ம்' கொட்டிக்கொண்டிருப்பார்.